கல்வெட்டும் கணினித் திரையும்: மின் ஆளுமை கற்பித்த பாடங்கள்

(பெங்களூரு தொம்மலூரில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தொம்மலூரில் வாழ்வோருக்குச் சொக்கநாதசுவாமி கோயிலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் அக்கோயிலில் உள்ளன. போசள மன்னர் ஆட்சிக் காலத்தில் வெட்டப்பட்ட அவை, யார் எதைக் கொடையாகக் கொடுத்தார், எந்த வருவாயிலிருந்து கொடுத்தார் என்பதைப் பதிவு செய்கின்றன. இவ்வூருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றொரு பெயர் வழங்கியதும் அவற்றின் வழியாகவே தெரியவருகிறது.

அந்தக் காலத்தைப் பொற்காலமாகப் போற்றுவதற்காக இச்செய்தி இங்கே கூறப்படவில்லை. அது நிலப்பிரபுத்துவக் காலம். கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கிறது; அந்த வருவாயை விளைவித்துத் தந்த உழவனின் பெயர் அதில் இல்லை. கல்லில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவர்களும் ஒரு சிலரே. ஆயினும் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அதிகாரத்தில் இருந்தவர்கள் தாங்கள் எடுத்த முடிவை, நாளை எவரும் மறைக்க இயலாதவாறு, பொதுவிடத்தில் நிறுத்தி வைத்தார்கள். அரசு எழுதியது மக்கள் கண்முன் நின்றது.

இதே தொம்மலூரிலிருந்து, ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், அரசின் பதிவேடுகளைப் பற்றி வேறோர் ஆவணம் வெளிவந்தது. தொம்மலூர் இரண்டாம் ஸ்டேஜில் அப்போது இயங்கிவந்த ‘சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி’ என்ற ஆய்வு நிறுவனம், 2017ஆம் ஆண்டு மே முதல் நாளன்று ஓர் அறிக்கையை வெளியிட்டது. அதை எழுதியவர்கள் ஸ்ரீனிவாஸ் கோடாலி, அம்பர் சின்ஹா ஆகிய இருவர். நான்கு அரசு இணையதளங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். தேசிய சமூக உதவித் திட்டத்தின் தளம், மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் தளம், அதே திட்டத்தின் கீழ் ஆந்திர அரசு நாள்தோறும் வெளியிட்டுவந்த ஊதியப் பட்டுவாடா அறிக்கைகள், ஆந்திராவின் சந்திரண்ணா பீமா காப்பீட்டுத் திட்டத்தின் தளம் ஆகியவையே அந்நான்கு.

முதியோர் ஓய்வூதியம் பெறுவோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள், மண் சுமக்கும் கூலித் தொழிலாளர்கள் ஆகியோரின் பட்டியல்கள் அங்கே இருந்தன. பெயருக்கு எதிரே ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருந்தன. இந்நான்கு தளங்களின் வழியாக 13 கோடி முதல் 13.5 கோடி வரையிலான ஆதார் எண்களும், ஏறத்தாழ 10 கோடி வங்கிக் கணக்கு எண்களும் எவரும் பார்க்கும் நிலையில் இருந்திருக்கக்கூடும் என்று அறிக்கை மதிப்பிட்டது.

அரசு நிர்வாகம் இதற்கு எவ்வாறு எதிர்வினை ஆற்றியது? தளங்களை நடத்தியவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கு முன்பே, அம்பலப்படுத்திய நிறுவனத்துக்கு ஆதார் ஆணையத்திடமிருந்து கடிதம் வந்தது. அத்துமீறி நுழையாமல் இத்தரவுகள் கிடைத்திருக்க இயலாது என்பது அக்கடிதத்தின் தொனி. ஒரு தளத்தில், இணைய முகவரியில் இருந்த ஒரே ஒரு சொல்லை மாற்றினாலே மறைக்கப்பட்ட எண்கள் தெரிந்தன என்பதுதான் உண்மை நிலை. பூட்டு இல்லாத கதவைச் சுட்டிக்காட்டியவர் மீது, கதவை உடைத்தவர் என்ற ஐயம் சுமத்தப்பட்டது.

கல்வெட்டுக் காலத்தில் அரசின் முடிவு வெளியே இருந்தது. மின் ஆளுமைக் காலத்தில் ஏழையின் கணக்கு எண் வெளியே இருக்கிறது. இந்தத் தலைகீழ் மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதிலிருந்து உழைக்கும் மக்களின் இயக்கம் கற்க வேண்டியது என்ன என்பதே இன்றைய உரையின் பொருள்.

பூமி திட்டம்: யாருடைய விரல்?

இந்தியாவின் மின் ஆளுமைக்குக் கர்நாடகம் முன்னோடி. அதன் முதற்பெரும் முயற்சி ‘பூமி’ என்ற நில ஆவணக் கணினிமயமாக்கல் திட்டம். ஏறத்தாழ 9,000 கிராமக் கணக்கர்கள் கையால் எழுதிவந்த பஹணி என்னும் நிலப் பதிவேடுகள், 2001ஆம் ஆண்டு வாக்கில் 177 வட்டங்களிலும் கணினியில் ஏற்றப்பட்டன. சுமார் 67 லட்சம் விவசாயிகளுக்குரிய 2 கோடி பதிவேடுகள் அவை. பதினைந்து ரூபாய் செலுத்தினால் வட்ட அலுவலகத்தின் சேவை முகப்பில் நகல் கிடைத்தது.

இதன் நற்பயனை மறுப்பது நேர்மையாகாது. கிராமக் கணக்கரின் பை தான் பதிவேட்டு அறையாக இருந்தது. ஒரு நகலுக்காகப் பலநாள் அலைந்தவர்களும், கையூட்டுக் கொடுத்தவர்களும் ஏராளம். ஊர்ப் பெரிய மனிதரும் கணக்கரும் கூடிப் பேசினால் சிறு விவசாயியின் நிலம் ஏட்டில் பெயர் மாறிவிடும். இந்த ஆதிக்கத்தைப் பூமி ஓரளவு அசைத்தது. அதற்குக் காரணமான இரு ஏற்பாடுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெயர் மாற்ற விண்ணப்பங்களை வந்த வரிசைப்படியே எடுக்க வேண்டும் என்று மென்பொருளிலேயே விதி வைக்கப்பட்டது. அதிகாரி தன் விருப்பத்துக்கு வரிசையை மாற்ற முடியாது. அடுத்து, பதிவேட்டைத் திருத்தும் அலுவலர் தன் கைரேகையைப் பதித்த பின்பே திருத்த முடியும் என்று ஆக்கப்பட்டது. ‘இதை நான் செய்யவில்லை’ என்று பின்னாளில் அவர் தப்பித்துக்கொள்ள இயலாது.

தோழர்களே, இந்த இரண்டாவது ஏற்பாட்டைச் சற்று நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும். 2001இல் கைரேகைக் கருவியின் மேல் வைக்கப்பட்டது அதிகாரியின் விரல். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் ரேஷன் கடைகளில் அதே போன்ற கருவியின் மேல் வைக்கப்பட்டது கூலித் தொழிலாளியின் விரல். கருவி பெரிதாக மாறவில்லை. ஐயத்துக்குரியவர் யார் என்பது மாறிவிட்டது. அதிகாரத்தைக் கண்காணிக்கப் பிறந்த தொழில்நுட்பம், அதிகாரமற்றவரைக் கண்காணிக்கத் திருப்பிவிடப்பட்டது. நவதாராளமயம் மக்கள்நலத் திட்டங்களை உரிமையாகப் பார்க்காமல் செலவாகவும் கசிவாகவும் பார்ப்பதன் விளைவு இது.

பூமி திட்டத்துக்கு மறுபக்கமும் உண்டு. சாலமன் பெஞ்சமினும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, பதிவேடுகள் கிராமத்திலிருந்து வட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் மேலே போனபோது, பெங்களூருவைச் சுற்றி நிலம் திரட்டும் பெரும் நிறுவனங்களுக்கே அது கூடுதலாகப் பயன்பட்டது என்று வாதிட்டது. சிறு விவசாயி தன் ஆவணத்தில் உள்ள பிழையைத் திருத்துவதற்குத் தொலைவிலுள்ள அலுவலகத்துக்குச் செல்ல வேண்டியதாயிற்று. கணினிப் படிவத்தில் உரிமையாளருக்குக் கட்டம் உண்டு. வாய்மொழி வாரத்துக்கு உழுபவருக்கும், அரசு நிலத்தைப் பல்லாண்டுகளாகப் பண்படுத்திப் பயிரிடும் பகர் ஹுகும் சாகுபடியாளருக்கும் அந்தப் படிவம் எதைத் தரும்? கணினியில் இடம் பெறாத உரிமை, நடைமுறையில் இல்லாத உரிமையாகிவிடுகிறது. கல்வெட்டில் உழவனின் பெயர் இல்லாமற்போனதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மிகக் குறைவு. வர்க்க உறவுகளை மாற்றாமல் பதிவேட்டை மட்டும் மாற்றினால், பழைய ஏற்றத்தாழ்வே புதிய திரையில் இன்னும் துல்லியமாகத் தெரியும்.

நீக்கப்பட்ட பெயர்களின் கதை

அதிகாரியின் விரலுக்குப் பதில் ஏழையின் விரல் கருவியின் மேல் வைக்கப்பட்டதன் விலை என்ன? ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பர் 28 அன்று 11 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். ஆதாருடன் இணைக்கப்படாததால் அக்குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. சோறு கேட்டபடியே மகள் இறந்தாள் என்று தாய் கூறினார். மலேரியா என்று அரசு கூறியது. நோயும் பசியும் ஏழையின் உடலில் ஒன்றாகவே குடியிருக்கும். அட்டை நீக்கப்பட்டிருந்தது என்ற உண்மையை அந்த விளக்கம் அழிக்கவில்லை. ஆதார் இல்லை என்பதற்காக எவருக்கும் பயன் மறுக்கப்படக் கூடாது என்று ஆதார் ஆணையம் அடுத்த மாதமே சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது.

நீக்கப்பட்டவை அனைத்தும் போலி அட்டைகள் என்பது அன்றைய ஆட்சியாளர்களின் முழக்கம். கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளாதார அறிஞர்கள் ஜார்க்கண்டின் பத்து மாவட்டங்களில் 2016க்கும் 2018க்கும் இடையே நீக்கப்பட்ட அட்டைகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் ஏறத்தாழ 88 விழுக்காடு உண்மையான குடும்பங்களுக்கு உரியவை என்று அவர்கள் கண்டறிந்தார்கள். இவர்கள் இடதுசாரிகள் அல்லர். மின்னணுப் பட்டுவாடாவின் சில பயன்களைத் தம் முந்தைய ஆய்வுகளில் எடுத்துக் கூறியவர்கள். ஆகவே இந்தக் கண்டுபிடிப்பைக் கட்சிச் சார்பு என்று எவரும் தள்ளிவிட முடியாது.

ஊரக வேலை உறுதித் திட்டத்தில் நிகழ்ந்ததும் இதே வகையைச் சேர்ந்ததே. 2023 ஜனவரி முதல், பணித்தளத்தில் நாளொன்றுக்கு இருமுறை தொழிலாளர்களைப் படமெடுத்துச் செயலியில் ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. காலையில் வந்து வேலையை முடித்தவரும் இரண்டாவது படத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அலைபேசிச் சமிக்ஞை இல்லையென்றால் வேலை செய்த நாளே இல்லாத நாளாகிவிடும். அடுத்த ஆண்டு தொடக்கம் முதல் ஆதார் வழியாக மட்டுமே ஊதியம் என்ற விதியும் வந்தது. இவற்றை எதிர்த்து 2023 பிப்ரவரியில் தொடங்கி டெல்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் நூறு நாள் போராட்டம் நடத்தினார்கள். அங்கே எழுந்த கேள்வி எளிமையானது: தொழிலாளி தாமதமாக வந்தால் கூலி பிடிக்கும் இயந்திரம் இருக்கிறது, அரசு தாமதமாகக் கூலி கொடுத்தால் அதிகாரியின் சம்பளத்தைப் பிடிக்கும் இயந்திரம் எங்கே?

நீதிமன்றத்தின் வழியும் முயன்று பார்க்கப்பட்டது. அந்த வழக்குக்குப் பெயரானவர் பெங்களூருவில் வாழ்ந்த ஒரு முதியவர். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தது. 2018 செப்டம்பர் 26 அன்று ஐவர் அமர்வு, நால்வர் பெரும்பான்மையில் ஆதார்ச் சட்டத்தைப் பெருமளவு ஏற்றது. தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கோருவதற்கு வழிவிட்ட பகுதியைத் தடுத்தது. மானியங்களுக்கும் நலத்திட்டங்களுக்கும் ஆதார் கேட்கலாம் என்ற பகுதியை அனுமதித்தது. வசதி படைத்தவரின் வங்கிக் கணக்குக்கும் அலைபேசிக்கும் விடுதலை கிடைத்தது. ரேஷன் அரிசிக்கும் ஓய்வூதியத்துக்கும் கிடைக்கவில்லை.

இயந்திரம் பொய் சொல்லுமா?

‘கணினியில் அப்படித்தான் காட்டுகிறது’ என்ற விடையைக் கேட்காத உழைப்பாளி இன்று அரிது. அந்த விடை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனின் அஞ்சல் துறை 1999 முதல் ஃபுஜித்சு நிறுவனத்தின் ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருளைத் தன் கிளைகளில் நிறுவியது. அது கிளைக் கணக்குகளில் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. துணை அஞ்சலக அலுவலர்கள் திருடிவிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். சிலர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டனர். ‘உனக்கு மட்டும்தான் இந்தச் சிக்கல்’ என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கூறப்பட்டது. 555 பேர் ஒன்றுசேர்ந்து வழக்குத் தொடுத்த பிறகே, 2019இல் லண்டன் உயர் நீதிமன்றம் மென்பொருளின் பிழைகளை ஏற்றது. தண்டனைகளைப் பெருந்தொகையாக நீக்குவதற்கு 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

இந்த வரலாற்றிலிருந்து இந்தியத் தொழிலாளிக்கும் ஒரு பாடம் உண்டு. இயந்திரத்தின் பிழை ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தாக்குகிறது. முகப்பின் முன் நிற்பவர் தன் விரல்தான் தேய்ந்துவிட்டது, தன் பெயரில்தான் எழுத்துப்பிழை என்று எண்ணி வெட்கத்துடன் திரும்புகிறார். திரும்பியவர்கள் கூடிப் பேசும்போதுதான் அது தனியொருவரின் குறையன்று என்பது புலப்படுகிறது. கூட்டுவதும் பேசவைப்பதும் இயக்கத்தின் வேலை.

நல்ல முன்மாதிரிகள்

தொழில்நுட்பத்தை எதிர்ப்பதா ஏற்பதா என்று இந்தப் பிரச்சினையைச் சுருக்கிவிடக் கூடாது. 1960களில் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டு ஊழியர்கள் கணினியை எதிர்த்துப் போராடினார்கள் என்பதைச் சுட்டிக்காட்டி, இடதுசாரிகள் முன்னேற்றத்துக்குப் பகைவர் என்று ஏளனம் செய்வோர் இன்றும் உளர். அன்று அந்த ஊழியர்கள் எழுப்பிய கேள்வி, ‘வேலை என்னாகும்?’ என்பது. உலகெங்கும் இன்று அதே கேள்வி செயற்கை நுண்ணறிவைப் பற்றி எழுகிறது. இன்று அத்துடன் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: ‘உரிமை என்னாகும்?’

இதற்கு விடைதேட, கர்நாடகத்திலேயே 2023இல் தொடங்கப்பட்ட இரு திட்டங்களை ஒப்பிடலாம். ‘கிருக லட்சுமி’ திட்டத்தில் குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் கிடைக்கிறது. அதற்கு விண்ணப்பம், ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ‘சக்தி’ திட்டத்தில் பெண்களுக்குப் பேருந்துப் பயணம் இலவசம். ஜூன் 11 அன்று தொடங்கிய அன்றே, கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டையைக் காட்டிய பெண்ணுக்கு நடத்துநர் பூச்சியக் கட்டணச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். விண்ணப்பம் இல்லை, சரிபார்ப்பு இல்லை, காத்திருப்பு இல்லை. தொம்மலூர்ப் பேருந்து நிலையத்தில் வேலைக்குப் புறப்படும் பெண்களைக் கேட்டாலே வேறுபாடு விளங்கும். தமிழ்நாட்டில் 2021 முதல் நகரச் சாதாரணப் பேருந்துகளில் நடைமுறையில் உள்ள இலவசப் பயணத்துக்கு அடையாள அட்டையும் தேவையில்லை. இங்கோ, பல ஆண்டுகளாகப் பெங்களூருவில் உழைத்தும் தமிழ்நாட்டு முகவரியிலேயே அட்டை வைத்திருக்கும் பெண் வெளியே நிற்கிறாள். அனைவருக்குமான உரிமைக்கு வாயில் அகலம். வடிகட்டித் தரப்படும் உதவிக்கு வாயில் குறுகல். வாயில் குறுகக் குறுக, அதைக் காவல் காக்கும் இயந்திரமும் பெருகுகிறது. அனைவருக்குமான பொது விநியோகம், அனைவருக்குமான ஓய்வூதியம் என்ற இடதுசாரிகளின் நெடுநாள் கோரிக்கை, மின் ஆளுமையின் சிக்கலுக்கும் சிறந்த விடையாகும்.

இரண்டாவது முன்மாதிரியும் கர்நாடகத்தைச் சேர்ந்ததே. 2011ஆம் ஆண்டின் சேவை உறுதிச் சட்டத்தின்படி 2012இல் ‘சகாலா’ தொடங்கியது. ஒவ்வொரு சேவைக்கும் நாள் வரையறை உண்டு. விண்ணப்பித்தவருக்கு எண் கொடுக்கப்படும். தாமதமானால் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிக அளவாக 500 ரூபாய் வரை இழப்பீடு. அதைப் பொறுப்பான அலுவலரிடமிருந்தே பிடிக்கலாம். இங்கே கடிகாரம் அரசை நோக்கி ஓடுகிறது. ஆனால் விண்ணப்பத்தையே ஏற்காமல் ‘நாளை வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பினால் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவதே இல்லை. ஒப்புகை எண் இல்லாமல் முகப்பை விட்டு நகரக் கூடாது என்று மக்களுக்குக் கற்பிப்பது, சட்டத்துக்கு உயிர் கொடுப்பதாகும்.

மூன்றாவது, ராஜஸ்தான். தகவல் உரிமைக்காகப் போராடிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் போன்ற அமைப்புகளின் தொடர் வற்புறுத்தலால் 2019இல் அங்கே ‘ஜன் சூச்னா’ என்ற தகவல் தளம் தொடங்கப்பட்டது. எந்த ரேஷன் கடைக்கு எவ்வளவு தானியம் வந்தது, எந்த ஊராட்சியில் எவ்வளவு செலவு ஆயிற்று என்பதை எவரும் விண்ணப்பிக்காமலே பார்க்கலாம். கல்வெட்டின் நற்பண்பு கணினித் திரைக்கு வந்த இடம் இது.

நான்காவது, கேரளம். அங்கே பள்ளிக் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளின் மீது கட்டப்பட்டது. பன்னாட்டு நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்தும் நிலை தவிர்க்கப்பட்டது. இணைய இணைப்பை அடிப்படை உரிமையாக அறிவித்த இடது ஜனநாயக முன்னணி அரசு, 2023 ஜூன் 5 அன்று ‘கே-ஃபோன்’ என்ற பொதுத்துறை இணைய வலையமைப்பைத் தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு அதன் இலக்கு. இலக்கை எட்டுவதில் தாமதங்கள் உண்டு; விமர்சனங்களும் உண்டு. ஆயினும் சேவையை இணையத்துக்கு மாற்றுகிற அரசுக்கு, இணையத்தை மக்களிடம் சேர்க்கும் கடமையும் உண்டு என்ற கொள்கையை அது நிலைநாட்டியது.

மறைக்க வேண்டியதும் மறைக்கக் கூடாததும்

தொம்மலூர் அறிக்கைக்கு இப்போது திரும்பலாம். அந்த நான்கு தளங்களும் ஏன் பட்டியல்களை வெளியிட்டன? கூலிப் பட்டியல் பொதுவில் இருக்க வேண்டும் என்பது வேலை உறுதித் திட்டத்துக்காகப் போராடியவர்களின் கோரிக்கை. செத்தவர் பெயரில் கூலி எடுப்பதைக் கிராமசபையில் உரக்கப் படித்துப் பிடித்தவர்கள் அவர்களே. ஆகவே பட்டியல் வெளியானது தவறன்று. வேலை செய்தவர் பெயர், நாள்கள், கூலி ஆகியவை ஊர் அறிய வேண்டியவை. அந்தப் பட்டியலில் ஆதார் எண்ணையும் கணக்கு எண்ணையும் செருகியதே தவறு. சமூகத் தணிக்கைக்கு அவை தேவையில்லை. மோசடிக்காரனுக்கு மட்டுமே தேவை.

இந்த வேறுபாட்டை ஆட்சியாளர்கள் வேண்டுமென்றே குழப்புகிறார்கள். 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3)ஆவது பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்துகிறது. தனிநபர் தகவலாயினும் பொதுநலன் இருந்தால் வெளியிட வேண்டும் என்ற வாசகத்தை 8(1)(ஒ) பிரிவிலிருந்து அது அகற்றுகிறது. ஒப்பந்தம் பெற்றவர் யார், சொத்துச் சேர்த்த அதிகாரி யார் என்று கேட்டால் ‘அந்தரங்கம்’ என்று மறுப்பதற்கு வழி திறக்கிறது. அதே சட்டம், அரசின் அமைப்புகளுக்கு ஒன்றிய அரசு விரும்பினால் விலக்களிக்கவும் இடம் தருகிறது. ஏழைகளின் எண்கள் வீதியில் கிடந்தபோது வராத அந்தரங்கக் கவலை, அதிகாரிகளின் கோப்புகளைக் காக்க வந்திருக்கிறது. அரசு மக்களுக்குத் திறந்ததாகவும் மக்கள் அரசிடமிருந்து காக்கப்பட்டவர்களாகவும் இருப்பதே ஜனநாயகம். இதைத் தலைகீழாக்குவதே இன்றைய ஆளும் வர்க்கத்தின் மின் ஆளுமை.

தோழர்களின் கடமைகள்

கோரிக்கைகளைத் தெளிவாக வைக்க வேண்டும். இயந்திரம் மறுத்தால் அதே இடத்தில், அதே நாளில் மாற்று வழியில் பயன் தரப்பட வேண்டும். அதை முடிவு செய்யும் அதிகாரம் முகப்பில் இருக்கும் அலுவலருக்கு வழங்கப்பட வேண்டும். எவர் பெயரை நீக்குவதற்கு முன்பும் எழுத்து வடிவில் அறிவிப்பும், கிராமசபையில் அல்லது வார்டு கூட்டத்தில் விசாரணையும் வேண்டும். புதிய செயலி எதுவும் கட்டாயமாவதற்கு முன், அதைப் பயன்படுத்தும் ஊழியரிடமும் பயனாளியிடமும் சோதித்து, பிழை விவரத்தை வெளியிட வேண்டும். முகப்பில் அமர்ந்திருக்கும் தரவுப் பதிவாளர், சொந்த அலைபேசியோடும் அரசு தந்த தரமற்ற அலைபேசியோடும் போராடும் அங்கன்வாடி ஊழியர், விற்பனை முனையக் கருவி பழுதானால் திட்டு வாங்கும் ரேஷன் கடை ஊழியர் ஆகியோர் மக்களின் பகைவர்கள் அல்லர். அவர்களின் பணி நிரந்தரத்துக்கான போராட்டமும் வரிசையில் நிற்பவரின் போராட்டமும் ஒன்றே. வரிசையில் நிற்பவரின் கோபம் முகப்பு ஊழியர் மீது திரும்பினால் ஆளும் வர்க்கத்துக்குத்தான் நிம்மதி.

கோரிக்கை வைத்துவிட்டுக் காத்திருப்பதும் போதாது. ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கலாம். யார், எந்த நாளில், எந்த அலுவலகத்தில், எந்தச் சேவைக்காகச் சென்றார், என்ன காரணம் சொல்லித் திருப்பப்பட்டார் என்பதை அதில் எழுதலாம். உரியவரின் இசைவோடு மட்டுமே எழுத வேண்டும். ஆதார் எண்ணையோ கணக்கு எண்ணையோ அதில் குறிக்கவே கூடாது. அரசைக் கண்டிக்கும் தவறைக் கட்சிக் கிளை செய்துவிடக் கூடாது. ஒரே காரணம் பத்துப் பேருக்குச் சொல்லப்பட்டிருந்தால் அது மனுவாகும். ஐம்பது பேருக்குச் சொல்லப்பட்டிருந்தால் அது போராட்டமாகும்.

உதவி முகாம் நடத்தும்போது ஓர் எச்சரிக்கை தேவை. விண்ணப்பத்தை நிரப்பித் தந்துவிட்டு அனுப்பினால் கட்சித் தோழர் கட்டணம் வாங்காத இடைத்தரகராகவே மிஞ்சுவார். விண்ணப்பித்தவர் தன் ஒப்புகை எண்ணைத் தானே வைத்துக்கொள்ளவும், தானே கேள்வி கேட்கவும், அடுத்தவரை அழைத்துவரவும் கற்றால்தான் முகாம் இயக்கமாகும். தொம்மலூர் போன்ற பகுதியில் இன்னொரு பணியும் உண்டு. அரசுப் படிவங்கள் கன்னடத்தில் உள்ளன. அது இம்மாநில மக்களின் உரிமை. கன்னடம் படிக்க இயலாத தமிழ்த் தொழிலாளியின் அருகே கன்னடத் தோழர் அமர்ந்து படித்துக் காட்டும்போது, இரு மொழி பேசும் உழைப்பாளர்களின் ஒற்றுமை மேடைப் பேச்சைக் காட்டிலும் உறுதியாக வளரும்.

கோயில் கல்லில் தன் பெயரைக் காணாத உழவனின் வழித்தோன்றல்கள் இன்று இந்நகரைக் கட்டுகிறார்கள், கூட்டுகிறார்கள், ஓட்டுகிறார்கள். அவர்களின் பெயர் இப்போது அரசின் எல்லாக் கணினிகளிலும் இருக்கிறது. அதைச் சேர்க்கவும் நீக்கவும் உள்ள அதிகாரம் மட்டும் அவர்களிடம் இல்லை. அந்த அதிகாரத்தை மக்களிடம் கொண்டுவந்து சேர்க்கும் போராட்டம், அருகிலுள்ள சேவை மையத்தின் வரிசையிலேயே தொடங்குகிறது. அந்த வரிசையில் நிற்பவர்களோடு தோழர்களும் சென்று நிற்க வேண்டும்.